கரையும் மெஷ்: வயிற்றுச் சுவர் ஹெர்னியாவில் எங்கே உதவும், எங்கே கைவிடும்

கேள்வி இது. வயிற்றின் நடுவே கீறிச் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு பழைய தழும்பு வழியாகக் குடல் புடைத்து வருகிறது; இதுதான் தழும்பு ஹெர்னியா. மெஷ் வைத்துச் சரிசெய்ய வேண்டும் என்கிறார்கள். உடலுக்குள் ஆயுள் முழுக்க ஒரு பிளாஸ்டிக் வலை கிடப்பதில் விருப்பமில்லை. தானாகக் கரைந்துவிடும் மெஷ் வைத்துக்கொள்ளலாமா? அப்படி ஒன்று இருக்கிறது என்றால், முதல் அறுவை சிகிச்சையின்போதே அதை வைத்து ஹெர்னியா வராமலே தடுத்துவிட முடியாதா?

முதலில் நேரடியான பதில். கரையும் மெஷ் உண்டு, சில இடங்களில் அது நல்ல தேர்வும்கூட. ஆனால் நிரந்தர மெஷ்ஷுக்கு அது சமமான மாற்று இல்லை. நிரந்தர மெஷ் சுமையைக் கடைசிவரை பங்கிட்டுக்கொள்ளும். கரையும் மெஷ், உங்கள் சொந்தத் திசு அந்தச் சுமையை ஏற்கத் தயாராகும் வரைக்கும் கால அவகாசம் தரும், அவ்வளவுதான். ஆகவே "எந்த மெஷ் நல்லது" என்பதைவிட, மெஷ் போன பிறகு அந்த இடத்தில் சுமை தாங்க என்ன இருக்கும் என்று கேட்பதே பயனுள்ளது. கீழே சொல்லும் எல்லாமே இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்.

வெறும் தையல் ஏன் போதாது என்பதிலிருந்து தொடங்குவோம். வயிற்றின் நடுக்கீறலுக்குப் பிறகு பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை தழும்பு ஹெர்னியா வருவதாகப் பொதுவாகக் கணக்கிடுகிறார்கள். பருமன், புகை, காயத்தில் சீழ், நாள்பட்ட இருமல், பெருந்தமனி வீக்கத்துக்கான அறுவை சிகிச்சை ஆகியவை இருந்தால் விகிதம் இன்னும் ஏறும். வந்த ஹெர்னியாவை நூலால் மட்டும் தைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நெதர்லாந்தில் நடந்த ஆய்வு தெளிவான விடை தந்தது. 2000-இல் வந்த முடிவில், மூன்றாண்டுக்குள் ஹெர்னியா திரும்பியவர்கள் தையல் குழுவில் 43 சதவீதம், மெஷ் குழுவில் 24 சதவீதம். அதே நோயாளிகளைப் பத்தாண்டு வரை தொடர்ந்து பார்த்து 2004-இல் வெளியிட்டபோது அது 63-க்கு 32 என்றானது. இரண்டு செய்திகள் இதில் இருக்கின்றன. ஹெர்னியா திரும்ப வருவதை மெஷ் பாதியாகக் குறைக்கிறது. அதே சமயம், மூன்றாம் ஆண்டில் நன்றாக இருப்பது பத்தாம் ஆண்டிலும் நன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. கரையும் மெஷ்ஷைப் பற்றிப் பேசும்போது இந்த இரண்டாவது செய்தியை மறக்கவே கூடாது.

திசு ஆறும் கணக்கு மெதுவானது. வெட்டித் தைத்த தசையுறை முதல் இரண்டு வாரங்களில் ஏறக்குறைய முழுக்க நூலின் பலத்தில்தான் நிற்கிறது. இரண்டு மாத அளவில் பழைய வலிமையில் சுமார் பாதி வரும். ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் 80 சதவீதத்தை ஒட்டி வந்து அங்கேயே நின்றுவிடும். முழு நூறு எப்போதும் திரும்புவதில்லை. திசுவுக்கு உறுதி தரும் புரதமான கொலாஜனில் முதலில் படிவது மூன்றாம் வகை. அது மெல்லியது, இழுவை தாங்காது. மாதக்கணக்கில் அது முதல் வகைக் கொலாஜனாக மாறும்போதுதான் தழும்புக்கு உறுதி வருகிறது. ஹெர்னியா வரும் பலரிடம் இந்த இரண்டு வகைகளின் விகிதமே இயல்பைவிடக் குறைவாக, முதல் வகை போதாமல் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. அதாவது, யாருக்கு ஹெர்னியா வந்ததோ அவருடைய உடல் நல்ல தழும்பு போடுவதில் ஏற்கெனவே பின்தங்கியிருக்கக் கூடும்.

இந்தக் காலக் கணக்கோடு மெஷ் கரையும் கணக்கை ஒட்டிப் பார்த்தால் எது வேலை செய்யும், எது செய்யாது என்பது தானாக விளங்கும்.

பழைய தலைமுறை மெஷ்கள் பாலிகிளாக்டின் 910, பாலிகிளைகாலிக் அமிலம் ஆகியவற்றால் நெய்தவை. விக்ரில் என்ற பெயரில் தையல் நூலாகத் தெரிந்த அதே பொருள்தான் முதலாவது. மூன்று நான்கு வாரங்களில் இதன் பலம் போய்விடும், இரண்டு மூன்று மாதங்களில் பொருளே இருக்காது. திசு பாதி வலிமைகூட எட்டாத நேரத்தில் மெஷ் விலகிவிடுகிறது. அதனால் ஹெர்னியாவைச் சரிசெய்ய இதற்கு இடமில்லை. வயிற்றை உடனே மூட முடியாத அவசர நிலையில், குடல் வெளியே சரியாமல் தற்காலிகமாகப் பிடித்து வைக்க இதைத் தைப்பதுண்டு. மேலே சதை வளர்ந்ததும் தோல் ஒட்டுப் போட்டு அனுப்பிவிட்டு, பிறகு ஒரு நாள் வரப்போகும் பெரிய ஹெர்னியாவைத் தனியாகச் சரிசெய்வார்கள். அங்கே ஹெர்னியா வரும் என்று தெரிந்தேதான் இதை வைக்கிறார்கள்.

அடுத்த தலைமுறை மெதுவாகக் கரைபவை. மூன்றைச் சொன்னால் போதும்.

பயோ-ஏ என்பது பாலிகிளைகாலிக் அமிலமும் டிரைமெத்திலீன் கார்பனேட்டும் 67-க்கு 33 என்ற விகிதத்தில் கலந்த பொருள். இது பின்னிய வலை அன்று. நுண்ணிழைகள் பஞ்சு போல முப்பரிமாணமாகப் படிந்த தகடு. ஆறு ஏழு மாதங்களில் கரைகிறது.

ஃபேசிக்ஸ் என்பது பாலி-4-ஹைட்ராக்ஸிபியூட்டிரேட் என்ற பாலிமரின் ஒற்றை இழைப் பின்னல். இந்தப் பாலிமரை மரபணு மாற்றிய ஈ. கோலை பாக்டீரியாவை நொதிக்கவைத்து எடுக்கிறார்கள். 12 முதல் 18 மாதங்களில் கரைகிறது. உற்பத்தியில் டெட்ராசைக்ளின், கனாமைசின் என்ற இரண்டு ஆன்டிபயாட்டிக்குகள் பயன்படுகின்றன. ஆகவே இவற்றுக்கு ஒவ்வாமை உள்ளவர் அதை முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கேட்டால் தவிர யாரும் நினைவுகூராத விவரம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

டைகர் மேட்ரிக்ஸ் சுவீடனில் உருவானது. இதில் இரண்டு வகை இழைகளைச் சேர்த்துப் பின்னியிருக்கிறார்கள். வேகமாகக் கரையும் இழை நான்கு மாதத்தில் மறைந்துவிடும். மெதுவான இழை ஏறக்குறைய ஆறு மாதம் பலத்தைக் காத்து, மூன்றாண்டு அளவில் முழுக்கக் கரையும். முதலில் விறைப்பாகத் தாங்கி, பிறகு சிறிது சிறிதாகச் சுமையைத் திசுவிடம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்பதே இந்த அமைப்பின் நோக்கம். கட்டடத்தின் கான்கிரீட் இறுகும் வேகத்தைப் பார்த்து முட்டுக்கொடுத்த சாரத்தை அவிழ்ப்பதைப் போன்ற திட்டம் இது. திசுவுக்கு இழுவை கிடைத்தால்தான் கொலாஜன் இழைகள் இழுவையின் திசையில் அடுக்கப்பட்டு உறுதியாகும் என்பதால் இந்த யோசனைக்கு அடிப்படை உண்டு.

இவை எல்லாமே நீரால் பிளவுபட்டுத்தான் கரைகின்றன. உடலின் ஈரம் பாலிமர்ச் சங்கிலியை அறுக்க அறுக்க, சங்கிலி குறுகி, கடைசித் துண்டுகளை உடல் எரித்துக் கரியமில வாயுவாகவும் தண்ணீராகவும் வெளியேற்றிவிடுகிறது. கவனிக்க வேண்டியது, பலம் போவதும் பொருள் மறைவதும் ஒரே நாளில் நடப்பதில்லை. சங்கிலி ஓரளவு அறுந்தாலே பலம் சரியும். எடை அதற்கு வெகு பின்னால்தான் குறையும். விளம்பரத் தாளில் "18 மாதத்தில் கரையும்" என்று இருந்தால், 18 மாதம் தாங்கும் என்று படிக்கக் கூடாது. கேட்க வேண்டியது பலம் எத்தனை மாதம் என்றுதான்.

ஈரத்தால் கரைவதால் மெஷ்ஷைப் பாதுகாப்பதிலும் எச்சரிக்கை தேவை. ஈரம் புகாத உறையில்தான் வரும். உறையைப் பிரித்தது முதல் காற்றின் ஈரமே வேலையைத் தொடங்கிவிடும். மிச்சத் துண்டை எடுத்துவைத்து, மறுபடி நீராவியில் கிருமிநீக்கி இன்னொருவருக்கு வைப்பது முற்றிலும் தவறு. வெப்பமும் ஈரமும் சேர்ந்து பாலிமரின் பலத்தை மேசை மேலேயே அழித்துவிடும். வெளிப்பார்வைக்கு மெஷ் அப்படியே இருக்கும், ஆனால் உள்ளே வைத்த பின் எதிர்பார்த்ததற்கு வெகு முன்பே இற்றுப்போகும்.

வயிற்றுச் சுவர் எவ்வளவு தாங்க வேண்டும்? ஆரோக்கியமான இளையவர்களிடம் அளந்ததில், நின்றுகொண்டு இருமும்போது வயிற்றினுள் அழுத்தம் சராசரியாகப் பாதரச அளவில் 107 மில்லிமீட்டரும், குதிக்கும்போது 171 மில்லிமீட்டரும் பதிவானது. வயிற்றுச் சுவரில் ஹெர்னியா வரும் துளை சிறியதானால் சென்டிமீட்டருக்கு 16 நியூட்டன், பெரிய துளைகளைத் தாங்க 32 நியூட்டன் வரை என்பது மெஷ் வடிவமைப்பில் வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை. வைக்கும் நாளில் மேலே சொன்ன மூன்றுக்கும் இந்தச் சோதனை கடினமில்லை. பொருளும் திசுவும் பலத்தைக் கைமாற்றும் நடுமாதங்களில்தான் ஆபத்து.

ஒரு குழப்பத்தை இங்கே தீர்த்துவிட வேண்டும். "பாதி கரையும் மெஷ்" என்று சொல்வது வேறு பொருள். பாலிபுரொப்பிலீன் என்ற கரையாத பிளாஸ்டிக் இழைகளோடு கரையும் இழைகளைச் சேர்த்துப் பின்னியது அது. கரையும் பகுதி போன பிறகு எடை குறைந்த நிரந்தர வலை உள்ளே நிற்கும். அதேபோல, குடல் ஒட்டாமலிருக்க ஒரு பக்கம் கொலாஜன் படலமோ ஹைட்ரோஜெல்லோ பூசிய மெஷ்களில் பூச்சு மட்டும் கரையும், மெஷ் கரையாது. "கரையும் மெஷ் வைத்தோம்" என்று எழுதியிருந்தால் முழுதும் கரைவதா, பகுதியா, பூச்சு மட்டுமா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பன்றித் தோலிலிருந்தோ மனிதத் தோலிலிருந்தோ செல்களை நீக்கிச் செய்யும் உயிரியல் மெஷ்ஷும் வேறு இனம்தான்.

கரையும் மெஷ்ஷின் உண்மையான களம், கிருமி கலந்த இடம். குடலைத் திறந்து வெட்டி ஒட்டும்போது, குடல்வாயை (மலம் வெளியேற வயிற்றுத் தோலில் அமைத்த குடல் திறப்பை) மூடும்போது, சீழ் பிடித்த பழைய மெஷ்ஷை எடுக்கும்போது, அதே அமர்வில் ஹெர்னியாவையும் மூட வேண்டியிருக்கும். நிரந்தர மெஷ்ஷில் கிருமி குடியேறினால் மாதக்கணக்கில் சீழ் வடிந்து கடைசியில் மெஷ்ஷையே பிடுங்க வேண்டி வரலாம். கரையும் மெஷ்ஷில் கிருமி ஏறினாலும், பெரும்பாலும் வடிகாலும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்துக் காத்திருந்தால் போதும். கிருமி ஒட்டிக்கொள்ள ஆயுள் முழுக்க ஒரு பரப்பு இருக்காது. 2017-இல் வெளியான கோப்ரா ஆய்வில் கிருமி கலந்த ஹெர்னியா உள்ள 104 பேருக்குப் பயோ-ஏ வைத்து இரண்டாண்டு பார்த்தார்கள். காயத் தொற்று 18 சதவீதம், ஹெர்னியா திரும்பியது 17 சதவீதம். அந்தச் சூழலுக்கு இவை மோசமான எண்கள் இல்லை. ஆனால் அது ஒப்பீட்டுக் குழு இல்லாத ஆய்வு.

பிறகு 2022-இல் வந்த அமெரிக்க ஆய்வு இந்தத் துறையில் பலரின் எண்ணத்தை மாற்றியது. கிருமி கலந்த ஹெர்னியா உள்ள 253 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பாதிக்குப் பன்றித்தோல் மெஷ், மறுபாதிக்குச் சாதாரண நடுத்தர எடைப் பாலிபுரொப்பிலீன் மெஷ். இரண்டாண்டில் ஹெர்னியா திரும்பியது பன்றித்தோலில் 20.5 சதவீதம், பாலிபுரொப்பிலீனில் 5.6 சதவீதம். காயச் சிக்கல்களில் பெரிய வித்தியாசம் இல்லை. அங்கே ஒப்பிட்டது உயிரியல் மெஷ்ஷை, நாம் பேசும் கரையும் செயற்கை மெஷ்ஷை அன்று. இருந்தாலும் "கிருமி என்றாலே நிரந்தர மெஷ் கூடாது" என்ற பழைய விதி இனி அப்படியே செல்லாது என்பதை அது காட்டிவிட்டது. பின்னலில் பெரிய கண்கள் கொண்ட ஒற்றை இழை மெஷ்ஷை, குடலைத் தொடாமல் தசைக்குப் பின்னால், தேர்ந்த கைகள் வைத்தால் ஓரளவு கிருமியை அது தாங்குகிறது. சீழே நிறைந்திருக்கும் வயிற்றுக்கு இதை நீட்டிக்கொள்ளக் கூடாது.

சுத்தமான காயம், ஆனால் நோயாளிக்கு ஆபத்துக் காரணிகள் அதிகம் என்ற நிலையில் ஃபேசிக்ஸ் வைத்த 121 பேரின் பின்தொடர்வு நமக்குக் கிடைத்திருக்கிறது. ஹெர்னியா திரும்பியது 18 மாதத்தில் 9 சதவீதம், மூன்றாண்டில் ஏறக்குறைய 18, ஐந்தாண்டில் 22. இந்த வரிசையைப் பாருங்கள். மெஷ் முழுக்கக் கரையும் கட்டத்தில் ஒற்றை இலக்கமாக இருந்தது, அடுத்த 18 மாதத்தில் இரட்டிப்பாகிவிட்டது. அதனால்தான் எந்தக் கரையும் மெஷ்ஷின் ஒரு வருட முடிவையும் என்னால் முடிவாக ஏற்க முடிவதில்லை. மெஷ் கரைந்த பிறகு குறைந்தது இரண்டு மூன்று ஆண்டு கடந்தால்தான் உண்மை வெளிவரும்.

மெஷ் போன இடத்தில் என்ன இருக்கிறது என்ற கேள்விக்கு மிகச் சுத்தமான விடை தந்தது, விந்தையாக, இடுப்பு மடிப்பு ஹெர்னியாவில் நடந்த ஒரு சிறு ஆய்வு. 40 பேருக்கு டைகர் மெஷ்ஷை வைத்து மூன்றாண்டு பார்த்தார்கள். பிறவியிலேயே உள்ள வழியில் இறங்கும் மறைமுக வகை ஹெர்னியாவில் ஒருவருக்கும் திரும்பவில்லை. பின்சுவரே நைந்து புடைக்கும் நேரடி வகையில் பத்தில் மூவருக்குத் திரும்பியது. இரண்டும் சேர்ந்தவர்களில் அதைவிட அதிகம். ஒரே மெஷ்தான், ஆனால் விலகும்போது பின்னால் உறுதியான சுவர் இருந்தவர்கள் தப்பினார்கள், நைந்த சுவர் இருந்தவர்கள் தப்பவில்லை.

வயிற்றுச் சுவரில் இதற்கு நேரான பாடம், கரையும் மெஷ்ஷைப் பாலமாகப் போடாதீர்கள் என்பது. துளையின் இரு கரைகளும் நடுவில் சேரவில்லை, இடைவெளியை மெஷ்ஷால் மூடித் தைத்தாயிற்று என்றால், மெஷ் கரைந்ததும் அங்கே மிஞ்சுவது மெல்லிய தழும்புத் தோல் மட்டும். புடைப்பு வருவது ஏறக்குறைய உறுதி. தசை முழுதாகச் சேர்ந்து, சேர்ந்த தையலுக்கு மெஷ் துணையாக நிற்கும்போது மட்டுமே கரையும் வகைக்கு அர்த்தம் உண்டு. நிரந்தரத் தாங்கல் தேவைப்படும் இடத்தில் வைக்க வேண்டாம் என்று தயாரிப்பாளரின் குறிப்பேட்டிலேயே இருக்கும்.

செய்முறையில் இதை எப்படி நடத்துகிறார்கள் என்று பார்ப்போம். பழைய தழும்பைத் திறந்து, ஒட்டியிருக்கும் குடலை விடுவித்து, நைந்த ஓரங்களை நல்ல நார்த்திசு வரும்வரை வெட்டி எடுப்பார்கள். பிறகு வயிற்றின் நடுக்கோட்டுக்கு இருபுறமும் நெடுக ஓடும் ரெக்டஸ் தசையின் பின்னுறையை உள்ளோரத்திலிருந்து அரை முதல் ஒரு சென்டிமீட்டர் தள்ளிக் கீறி, தசையை முன்னே தூக்கி, அதன் பின்னால் வெளியோரம் வரை ஒரு தளத்தை உண்டாக்குவார்கள். வெளியோரத்தில் தசைக்குள் நுழையும் நரம்பு, இரத்தக்குழாய்க் கொத்துகளைக் காப்பாற்ற வேண்டும். அவற்றை வெட்டினால் தசை சூம்பி, ஹெர்னியா இல்லாமலே வயிறு புடைக்கும். இடம் போதவில்லை என்றால் குறுக்குத் தசையை விடுவித்துத் தளத்தை இன்னும் வெளியே நீட்டலாம். பின்னுறையைக் கரையும் நூலால் இடைவெளியின்றி மூடிவிட்டால் குடலுக்கும் மெஷ்ஷுக்கும் நடுவில் ஒரு சுவர் கிடைத்துவிடும். இந்தத் தையலில் ஓட்டை விட்டால் குடல் அதற்குள் நழுவி அடைபடும். வீடு திரும்பும் முன்பே வாந்தியும் வயிறு உப்பலும் வந்தால் முதலில் சந்தேகிக்க வேண்டியவற்றுள் இது ஒன்று.

மெஷ்ஷைத் தொடும் முன் கையுறையை மாற்றுவது, தோலில் படாமல் எடுத்து வைப்பது ஆகியவை சிறிய ஒழுக்கங்கள், ஆனால் தொற்றைக் குறைக்கும். துளையின் விளிம்பைத் தாண்டி எல்லாப் பக்கமும் ஐந்து சென்டிமீட்டர் மூடுமாறு வெட்ட வேண்டும். மடிப்பும் சுருக்கமும் இல்லாமல், அதே சமயம் முரசுத்தோல் போல இறுக்காமல் விரிக்க வேண்டும். மடிப்பில் நீர் தேங்கும், இறுக்கினால் தையல் முனை திசுவை அறுக்கும். ஒரு திசையில் அதிகம் நீளும் பின்னலாக இருந்தால் உறையில் காட்டிய திசையில்தான் வைக்க வேண்டும். நிலைநிறுத்தச் சில இடங்களில் மெதுவாகக் கரையும் நூல் போதும். கரையும் மெஷ்ஷை நிரந்தர நூலாலோ உலோக ஆணியாலோ பிடித்துவைத்தால் மெஷ் போன பிறகும் ஆணி கிடந்து வலிக்கும், நோக்கமே கெட்டுவிடும். மேலே ஒன்றிரண்டு வடிகுழாய். நாளொன்றுக்கு 30 மில்லிக்குக் கீழே வடிந்தால் எடுத்துவிடுவது பலரின் வழக்கம். கடைசியாக முன்னுறையை நடுவில் சேர்த்துத் தைப்பது. இந்தக் கடைசி வரிசைத் தையல்தான் மெஷ் கரைந்த பிறகு உங்களைக் காக்கப் போகிறது. களைத்த நேரத்தில் அவசரமாகப் போடும் தையலாக அது இருக்கக் கூடாது.

தவறுவது எப்படி? முதல் வாரங்களில் மெஷ்ஷைச் சுற்றி நீர் தேங்கும். அளவாக இருந்தால் விட்டுவிடலாம், பெரும்பாலும் தானாக வற்றும். வீணாக ஊசி குத்தி இழுத்தால் கிருமியை உள்ளே விடும் வழியாகிவிடும். சிவப்பு, காய்ச்சல், அழுத்தும் வலி இருந்தால் மட்டும் எடுத்துப் பரிசோதிக்க வேண்டும். காயத்தில் சீழ் வந்தால் திறந்து கழுவி, கரையும் மெஷ்ஷை உள்ளேயே விட்டு ஆறவைக்க முடிவது இதன் பெரிய நன்மை. ஆனால் அழற்சி நடக்கும் இடத்தில் கரைதல் வேகமாகலாம், அங்கே படியும் கொலாஜனும் மட்டமாக இருக்கும். ஆகவே தொற்று ஆறிப்போனவரையும் ஹெர்னியா திரும்பும் ஆபத்துள்ளவராகவே தொடர்ந்து பார்க்க வேண்டும். பூச்சில்லாத மெஷ்ஷை நேரே குடல் மேல் வைத்தால், கரைவதற்குள்ளேயே குடல் ஒட்டிக்கொள்ளும். கரையப்போகிறது என்ற தைரியத்தில் குடல் மேல் வைப்பது கூடாது.

இனித் தடுப்பு. இங்கே என் கருத்து சற்று அழுத்தமானது. மெஷ்ஷைப் பற்றி யோசிப்பதற்கு முன் தையலைச் சரிசெய்ய வேண்டும். 2015-இல் வந்த ஸ்டிச் ஆய்வில், ஓரத்திலிருந்து 5 மில்லிமீட்டர், தையலுக்குத் தையல் 5 மில்லிமீட்டர் என்று நெருக்கமாக, தசையையும் கொழுப்பையும் விட்டு நார்ப்படலத்தை மட்டும் மெல்லிய, மெதுவாகக் கரையும் நூலால் தைத்தவர்களில் ஓராண்டு ஹெர்னியா 13 சதவீதம். ஒரு சென்டிமீட்டர் அகலமாகத் தைத்த பழைய முறையில் 21 சதவீதம். அகலத் தையல் நடுவில் சிக்கிய தசையை நசுக்கி அழுகவைத்துத் தளர்கிறது, அந்தத் தளர்விலேயே கரைகள் விலகுகின்றன. நூலின் நீளம் காயத்தின் நீளத்தைப் போல நான்கு மடங்காவது இருக்க வேண்டும். 20 சென்டிமீட்டர்க் காயத்துக்கு 80 சென்டிமீட்டர் நூல் உள்ளே போயிருக்க வேண்டும், வெட்டி எறிந்த மிச்சத்தைக் கழித்துக் கணக்கிடலாம். கூடுதல் கருவி எதுவும் வேண்டாம், கூடுதலாகச் சில நிமிடங்கள் போதும்.

அதற்கு மேல் மெஷ்ஷும் வேண்டுமா? ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு வேண்டும் என்று 2017-இல் வந்த பிரிமா ஆய்வு சொன்னது. பெருந்தமனி வீக்க அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள், உடல்நிறைக் குறியீடு 27-க்கு மேல் உள்ளவர்கள் என 480 பேர். இரண்டாண்டில் ஹெர்னியா தையல் மட்டும் போட்டவர்களில் 30 சதவீதம், தசைக்குப் பின்னால் மெஷ் வைத்தவர்களில் 18, முன்னுறையின் மேல் வைத்தவர்களில் 13. மேல் வைத்தவர்களுக்கு நீர் தேங்குவது மட்டும் அதிகம். ஆனால் அங்கே வைத்தது நிரந்தர மெஷ். வேகமாகக் கரையும் பாலிகிளாக்டினை மிகப் பருமனானவர்களுக்குத் தடுப்பாக வைத்துப் பார்த்த 1998 ஆய்வில் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்கவில்லை. திசுவின் காலக் கணக்கைப் பார்த்தால் அதில் ஆச்சரியமும் இல்லை. குடல்வாயை மூடும் இடத்தில் மட்டும், 2020-இல் வந்த ராக்ஸ் ஆய்வு, உயிரியல் மெஷ் வைத்தால் இரண்டாண்டு ஹெர்னியா 20-லிருந்து 12 சதவீதமாகக் குறைவதைக் காட்டியது. அது கிருமி கலந்த சிறு காயம், இரு கரையும் சேரக்கூடிய துளை. கரையும் செயற்கை மெஷ்ஷைத் தடுப்புக்குச் சோதிக்கப் பொருத்தமான இடமும் அதுவே. நிரந்தரக் குடல்வாயைச் சுற்றி வரும் ஹெர்னியா வேறு கதை. குடல் வெளியே வர அங்கே எப்போதும் ஒரு துளை திறந்திருந்தாக வேண்டும் என்பதால், தாங்கல் காலக்கெடு வைத்துப் போய்விடுவது அங்கே இயல்பாகவே பாதகம்.

இவற்றையெல்லாம் சேர்த்து உங்கள் கேள்விக்கு வருகிறேன். காயம் சுத்தம், வயிற்றுத் துளை நடுத்தர அளவு, வேறு சிக்கல் இல்லை என்றால், தசைக்குப் பின்னால் பெரிய கண்கள் கொண்ட பாலிபுரொப்பிலீன் மெஷ்தான் முதல் தேர்வு. பயத்தால் அதைத் தவிர்ப்பது பெரும்பாலும் உங்களுக்கு நட்டம். நிரந்தர மெஷ்ஷில் ஏற்கெனவே தொற்று வந்து எடுத்தவர், அதே அமர்வில் குடல் வேலையும் நடப்பவர், நிரந்தர மெஷ்ஷால் தீராத வலி கண்டவர் ஆகியோருக்கு, இரு கரைகளும் நடுவில் சேரும் என்ற உறுதி இருந்தால், மெதுவாகக் கரையும் மெஷ் நியாயமான தேர்வு. இன்னும் குழந்தை பெற எண்ணியிருக்கும் பெண்களுக்கு, அவசரம் இல்லாவிட்டால், கடைசிப் பிரசவம் வரை ஹெர்னியா அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதே வழக்கமான அறிவுரை. கரையும் மெஷ் இருக்கிறது என்பது அந்த அறிவுரையை மாற்றாது.

எந்த மெஷ்ஷானாலும் முன்னேற்பாடு ஒன்றுதான். குறைந்தது நான்கு வாரம் முன்பே புகையை நிறுத்துவது, எடையைக் குறைப்பது, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியை (HbA1c) 8 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவருவது, புரதம் போதுமான உணவு, இருமலுக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து. கரையும் மெஷ் வைப்பவருக்கு இவை இன்னும் முக்கியம், ஏனென்றால் கடைசியில் நிற்கப்போவது அவருடைய சொந்தக் கொலாஜன். காத்திருக்கும் காலத்தில் புடைப்பு உள்ளே போகாமல் கெட்டியாகி, வலியும் வாந்தியும் வந்து, காற்றுப் பிரிவதும் நின்றால், மெஷ் விவாதத்தை ஒதுக்கிவிட்டு உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும்.

அறுவை மருத்துவரிடம் நேராகக் கேட்க வேண்டியவை: என் துளையின் அகலம் ஸ்கேனில் எவ்வளவு, இரு கரைகளும் சேருமா, சேராவிட்டால் அந்த இடத்தில் எந்த மெஷ் வைப்பீர்கள், எந்தத் தளத்தில் வைப்பீர்கள், அதன் பலம் எத்தனை மாதம். மூன்றாவது கேள்விக்கு "அப்போதும் கரையும் மெஷ்தான்" என்ற பதில் வந்தால் இன்னொரு கருத்துக் கேளுங்கள். அறுவை சிகிச்சை முடிந்ததும் மெஷ் உறையில் இருக்கும் பெயர், அளவு, தொகுதி எண் ஒட்டப்பட்ட தாளின் நகலையும், மெஷ் எந்தத் தளத்தில் வைக்கப்பட்டது என்ற குறிப்பையும் வாங்கி வையுங்கள். இரண்டாண்டு கழித்து வேறு காரணத்துக்காக யாராவது அதே வயிற்றைத் திறக்க நேர்ந்தால், உள்ளே இன்னும் மெஷ் இருக்கிறதா, கரைந்து முடிந்ததா என்பதை அந்தத் தாளை வைத்துத்தான் கணக்கிட முடியும். வலி இல்லாவிட்டாலும் மெஷ் கரைந்து முடிந்த பிறகு ஆண்டுக்கு ஒருமுறையாவது நின்று இருமிக் காட்டும் பரிசோதனைக்குப் போய் வாருங்கள், ஐந்தாம் ஆண்டு வரைக்கும்.